பழவேற்காட்டிலிருந்து பதினோரு மைல்

கிஃபாயத்துல்லா எதற்கும் ஓடமாட்டார் என்பது கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மழை கொட்டினாலும் நடந்துதான் வருவார். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் வண்டி விசில் ஊதிவிட்டால், "போவட்டும், அடுத்தது வரும்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். இத்தனைக்கும் ஆலையில் அவருக்கு டைம் ஆபீஸ் வேலை. வாசலருகே ஒரு சின்ன அறை, அதில் கார்டில் மணி குத்துகிற கடிகாரம், அதன் பக்கத்தில் அவர். மூன்று நிமிஷம் பிந்தி வந்தவன் எவ்வளவு கெஞ்சினாலும் அவர் பேனா மூன்று நிமிஷம் என்றுதான் எழுதும். அவரே பிந்தி வந்தால் யார் எழுதுவது என்று ஃபிட்டர் யேசுதாஸ் கேலி செய்வார். அதற்கும் சிரிப்பார், ஓடமாட்டார்.

1976 ஜூலையில் ஒரு காலை அந்தப் பிடிவாதம் உடைந்தது. அன்று ஆலைக்கு மேலிடத்திலிருந்து ஆள் வருகிற நாள். அவர் பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது வண்டி நகர்ந்துவிட்டது. யோசிப்பதற்குள் கால்கள் கிளம்பிவிட்டன. கடைசிப் பெட்டியின் கம்பியைப் பிடித்து ஏறி, வாசலில் நின்று மூச்சு வாங்கினார். முப்பத்தேழு வயது, லேசான தொப்பை, காலில் ரப்பர் செருப்பு. அரை நிமிஷத்தில் மூச்சு சரியாகிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவருக்கு பயம் வந்தது. ஓட்டம் தன்னை விட்டுப் போய்விட்டது என்று பதினைந்து வருஷமாக நம்பி, அந்த நம்பிக்கையின் மறைவில்தான் மனிதர் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். கால்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்றால், அவற்றிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்கு நான் எவ்வளவு நேரம் தூங்கினேன் என்பதுதான் அது.

கேள்வி பிறந்தது 1961 பிப்ரவரியில். அப்போது வயது இருபத்திரண்டு. அவன் என்றே சொல்லிவிடலாம். பழவேற்காட்டுக்காரன். ஜில்லாப் போட்டியில் மூன்று மைல் ஓட்டத்தில் இரண்டு வருஷம் தொடர்ந்து முதலாவதாக வந்தவன். ஏரிக்கரை மணலில் வெறுங்காலோடு ஓடி உரமேறிய கால்கள். கொஞ்சம் திமிரும் இருந்தது, அந்த வயதில் இருக்காதா.

அக்கா மரியம் பீவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் ஹனீப் அதே ஊர்தான். தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பவர். நோன்புக்கு ஒரு வாரம் முந்தி, எட்டாம் தேதி புதன்கிழமை விடியலில் அவளுக்கு வலி கண்டது. மத்தியானம் வரை பார்த்துவிட்டு மருத்துவச்சி கையை விரித்தாள். "புள்ள குறுக்கால கீது. டாக்டரம்மாவ இட்டுக்கினு வாங்க."

டாக்டரம்மா என்றால் டாக்டர் விக்டோரியா. மதராஸிலிருந்து புதன்கிழமை தோறும் பொன்னேரிக்கு வந்து நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரண்டு பத்து வண்டியில் திரும்புவார். ஆள் போய்க் கூப்பிட்டால் வாடகைக் காரில் பழவேற்காடு வரைக்கும் வருகிற மனசு அவருக்கு உண்டு. ஆனால் வண்டி ஏறிவிட்டால் ஏறியதுதான். முந்தின நாளே பஸ் அச்சு முறிந்து நின்றுபோயிருந்தது. மழையில் அறுத்துக்கொண்டு போன ரோட்டை மணல் கொட்டி நிரப்பியிருந்தார்கள், கார் எப்படியோ ஊர்ந்து போகும், சைக்கிள் சக்கரம் புதையும். அந்த ரோட்டில் சைக்கிளைவிட கிஃபா வேகம் என்பது ஊருக்கே தெரியும்.

வீட்டில் கடிகாரம் கிடையாது. மணி கேட்கப் பள்ளிவாசலுக்கு ஓடினான். அங்கே முற்றத்தில் கல்லில் செதுக்கிய நிழற்கடிகாரம் ஒன்று உண்டு. அது சூரியனின் மணியைக் காட்டும். ரயில்வே கடிகாரத்தோடு ஒத்துப்போகாது, வித்தியாசமும் மாசத்துக்கு மாசம் மாறும். தொழுகைக்கு நிழல் மணியே போதும். வண்டிக்குப் போகிறவர்கள் கேட்டால் மட்டும் ஹனீப் அந்த மாசத்து வித்தியாசத்தைக் கூட்டி ரயில் மணியாகவே சொல்லிவிடுவார். யாரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை, அந்தத் தெருவில் அது பழக்கம்.

கிஃபா உள்ளே நுழைந்தபோது மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்து, ஹனீப் நிழற்கடிகாரத்தருகே நின்றிருந்தார். தொட்டியில் ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், மணி இன்னா? ரெண்டு பத்து வண்டிக்குள்ள டாக்டரம்மாவ புடிக்கணும்."

ஹனீப் குனிந்து பார்த்தார். "பன்னண்டரை. நேரம் கீதுடா. ஓடு."

பதினோரு மைலுக்கு நூறு நிமிஷம். எழுபது, எழுபத்தைந்தில் முடிப்பேன் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று மைல் போட்டிக்கு ஓடுகிற மாதிரியே தலைதெறிக்கக் கிளம்பினான். நீண்ட தூரத்துக்கு மூச்சைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று அதுவரை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. திருப்பாலைவனம் தாண்டியதும் விலாவில் பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. நேரம்தான் நிறைய இருக்கிறதே என்று ஒரு பூவரச மரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடினான். பத்து நிமிஷம் இருக்கும் என்று உடம்பு சொன்னது. எழுந்து மறுபடி ஓடினான். ரெண்டு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பொன்னேரி ஸ்டேஷனுக்குள் நுழைந்தான்.

ஸ்டேஷன் கடிகாரம் இரண்டே கால் காட்டியது. "டாக்டரம்மாவா? இப்ப தான் ஏறிப் போனாங்க, அஞ்சு நிமிஷம் ஆவுது" என்றார் போர்ட்டர்.

மதராஸுக்குத் தந்தி அடித்துவிட்டு, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு அவன் ஊர் வந்து சேர்ந்தபோது மாலைத் தொழுகை முடிந்திருந்தது. அக்காவும் குழந்தையும் போய்விட்டிருந்தார்கள். கடைசி வரைக்கும் அவள் "தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இன்னாடா ஆச்சு என்று எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவனுக்கும் புரியவில்லை. பன்னிரண்டரைக்கும் இரண்டே காலுக்கும் நடுவில் நூற்றைந்து நிமிஷம். உடம்பு சொல்கிற நேரத்தை எப்படிக் கூட்டினாலும் அவ்வளவு வரவில்லை. மிச்சம் எங்கே போயிருக்கும். "மரத்தடியில உக்காந்தேன். தூங்கிட்டேன் போல கீது" என்றான்.

உம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அன்றிலிருந்து அவள் அவனோடு நேராகப் பேசவில்லை. "அவன சாப்ட சொல்லு," "அவன கதவ சாத்திக்கினு போவ சொல்லு" என்று அடுத்தவர் மூலம்தான் பேச்சு. 1969-ல் அவள் மவுத்தாகிற வரைக்கும் அப்படித்தான் நடந்தது. அவன் ஓட்டத்தை விட்டான், பிறகு ஊரையும் விட்டான்.

ஆக, வண்டியைத் துரத்திப் பிடித்த அந்த ஜூலைக்குப் பிறகு அவர் பயிற்சி தொடங்கினார். அந்தப் பதினோரு மைலை உட்காராமல் ஓட எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தால், நூற்றைந்திலிருந்து அதைக் கழித்தால், தூங்கிய நேரம் வந்துவிடும். டைம் ஆபீஸ்காரர் புத்தி அப்படித்தான் போகும்.

கால்களுக்கு நினைவிருந்ததே தவிர மற்ற எதற்கும் இல்லை. முதல் நாள் ஜி.என்.டி. ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஓடுவதற்குள் எச்சில் கசந்தது. லாரிக்காரர்கள் யாரோ துரத்துகிறார்கள் என்று எண்ணி வேகத்தைக் குறைத்து விசாரித்தார்கள். ஆந்திராப் பக்கமிருந்து வந்த ஒருவர், "இன்னா நைனா, எவனாவது பர்ஸ அடிச்சிக்கினு பூட்டானா?" என்று கேட்டுப் பின்னால் ஏறிக்கொள்ளவும் சொன்னார். மூன்றாம் நாள் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. வீட்டில் மனைவி சைதா எண்ணெய் தடவிக்கொண்டே, "இந்த வயசுல இது இன்னா பேஜாரு. எங்கியாவது கப்பு குடுக்கறாங்களா?" என்றாள். உடம்பு இறங்க வேண்டும் என்று சொல்லிவைத்தார். அவளிடமும் அவர் முழுக் கதையைச் சொன்னதில்லை.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஒரு மாசம். வாரத்துக்கு ஒரு கல் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம், மறுநாள் நடை. கேன்வாஸ் ஷூ குதிகாலைத் தின்றது. உள்ளே பழைய துணி மடித்து வைத்துக்கொண்டார். நாஷ்டாவுக்கு முன் ஓடினால் வயிறு லேசாக இருக்கிறது, ஆனால் பத்தாவது கல்லுக்கு மேல் தலை சுற்றுகிறது என்று கண்டுபிடித்து வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டார். செப்டம்பரில் யேசுதாஸ் சைக்கிளில் கூட வர ஆரம்பித்தார். கையில் நல்ல வாட்ச், தினமும் ரேடியோவைக் கேட்டு நேரம் சரிசெய்வார்.

தூரம் கூடக் கூட வேறொன்றும் கூடியது. ஏழெட்டுக் கல் வரைக்கும் ஷூ சத்தம், மூச்சு, லாரி. அதற்குப் பிறகு உடம்பு தன் போக்கில் ஓட, காதுக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்பாள். தம்பி வந்துட்டானா. அவர் அந்த வார்த்தையைக் காதால் கேட்டதே இல்லை, உம்மா அழுகையில் சொன்னதுதான். ஆனால் ரோட்டில் வந்தது அக்காவின் குரலேதான், கொஞ்சம் எரிச்சலோடு, கடைக்கு அனுப்பிய பிள்ளை பிந்தினால் கேட்கிற மாதிரி. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டார். "இன்னா பாய்?" என்றார் யேசுதாஸ். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஓடினார்.

ஒன்பதாவது கல் வரை போய்த் திரும்பினால் பதினெட்டு கிலோமீட்டர், பழைய பதினோரு மைல். நவம்பரில் முதல்முறை அதை முடித்தபோது நூற்றுப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. கிஃபாயத்துல்லா ரோட்டோரம் குந்தி அழுதார். களைப்பு என்று யேசுதாஸ் நினைத்தார். நூற்றைந்துக்குமேல் ஆகிறது, அப்படியானால் தூங்கவே நேரமில்லை என்பது அழுதவருக்குத்தான் தெரியும். மனிதர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நானாக இருந்தால் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு பிரியாணிக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் மூன்று நிமிஷத்தைக்கூட விடாத கை அது. இருபத்திரண்டு வயதுக் கால்களோடு இந்தக் கால்களை வைத்துப் பார்ப்பது நியாயமில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

டிசம்பரில் நூற்று இரண்டு. பொங்கல் கழிந்து தொண்ணூற்றாறு. ஜனவரி கடைசி ஞாயிறு எண்பத்தொன்பது. யேசுதாஸ் ஒவ்வொரு தடவையும் கை தட்டினார். ஓட்டத்தில் ஒரு நிமிஷம் குறைந்தால் பூவரச மரத்தடித் தூக்கத்தில் ஒரு நிமிஷம் கூடுகிறது என்று யேசுதாஸுக்கு யார் சொல்வது. நன்றாக ஓடிய நாளெல்லாம் வீட்டில் சோறு இறங்கவில்லை.

"முப்பத்தெட்டுல இந்த ஓட்டம்னா, இருவது வயசுல ஒரு மணி பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பே பாய்," என்றார் யேசுதாஸ். பாவம், பாராட்டாகத்தான் சொன்னார். எழுபது போனால் மிச்சம் முப்பத்தைந்து. வீட்டில் அக்கா கத்திக்கொண்டிருந்தபோது மரத்தடியில் முப்பத்தைந்து நிமிஷம்.

இனி ஒன்றுதான் பாக்கி. அதே ரோடு, அதே தேதி, அதே உச்சி வெயில். 1977 பிப்ரவரி எட்டாம் தேதிக்கு லீவு போட்டார். பஸ் கூரையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு யேசுதாஸும் வந்தார். போகிற வழியில்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். யேசுதாஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஹனீபுக்கு இப்போது ஐம்பது தாண்டி, தாடி முழுக்க நரைத்திருந்தது. மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்னும் அவர்தான் பாங்கு சொல்கிறார். சைதாவைப் பற்றி விசாரித்தார், டீ வரவழைத்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் இருண்டுவிட்டது.

"இன்னாத்துக்கு இப்ப அது, தம்பி?"

"எவ்ளோ நேரம் தூங்கினேன்னு தெரியணும் மச்சான். தெரிஞ்சா போதும்."

ஹனீப் எழுந்து முற்றத்துக்குப் போய் நிழற்கடிகாரத்தருகே நின்றுகொண்டார்.

கிஃபாயத்துல்லா கைலியை அவிழ்த்துப் பையில் வைத்து, அரை டிராயரோடு பள்ளிவாசல் வாசலில் நின்றார். யேசுதாஸ் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி வாட்சைப் பார்த்தார். "பன்னண்டு இருபத்தெட்டு. இன்னும் ரெண்டு நிமிஷம் பாய்."

தெரு சத்தமில்லாமல் கிடந்தது. அதுதான் அவரை உறுத்தியது. அன்றைக்கு இதே இடத்தில் தண்ணீர்ச் சத்தம் இருந்தது. பாங்கு முடிந்து, ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள், ஈரத்தில் அவன் கால் வழுக்கியதுகூட ஞாபகமிருந்தது. இன்றைக்குத் தொட்டியில் ஒருவரும் இல்லை.

"மச்சான், பாங்கு எப்போ?"

ஹனீப் தலை நிமிரவில்லை. "நிழல் பன்னண்டே காலுக்கு. எப்பவும் அதே தான்."

"இப்ப நிழல் எவ்ளோ?"

ஹனீப் நிழல் விழுந்த கோட்டில் விரலை வைத்தார். பிறகு, "பன்னண்டு அஞ்சு" என்றார்.

டைம் ஆபீஸ்காரருக்குக் காகிதம் தேவைப்படவில்லை. ரயில் மணிக்கு இருபத்துமூன்று நிமிஷம் பின்னால் நிற்கிறது நிழல். ரயில் மணி பன்னிரண்டரைக்குப் பாங்குக்கே நேரம் ஆகியிருக்காது, ஆனால் அன்று பாங்கு முடிந்திருந்தது. அப்படியானால் ஹனீப் சொன்ன பன்னிரண்டரை நிழல் மணி. ரயில் மணி பன்னிரண்டு ஐம்பத்துமூன்று. அவனிடம் இருந்தது நூறு நிமிஷம் இல்லை, எழுபத்தேழு. நூற்றைந்து என்று பதினாறு வருஷம் சுமந்தது எண்பத்திரண்டு நிமிஷத்து ஓட்டம், உட்கார்ந்த பத்து நிமிஷத்தோடு சேர்த்து. எங்கேயும் தூக்கம் இல்லை. உடம்பு சொன்னதெல்லாம் உண்மை.

"அன்னிக்கு நீங்க கூட்டி சொல்லல."

"சொல்லல. அவ கத்தறது அங்கருந்து கேட்டுக்கினே இருந்துது. நிழல பாத்தேன், பாத்தத அப்டியே சொல்லிட்டேன்."

"எப்போ தெரிஞ்சுது?"

"தொழுகையில நிக்கும்போது. நீ அப்ப ரெண்டு மைல் தாண்டியிருப்பே. பின்னால யார ஓட சொல்றது. எப்டியும் நீ புடிச்சிருவேன்னு அல்லாவாண்ட கேட்டுக்கினு நின்னேன்." ஹனீப் கல்லைத் தடவிக்கொண்டே பேசினார். "சாயங்காலம் வந்து நீயே தூங்கிட்டேன்னு சொன்னே. நான் வாயத் தொறக்கல. மூணாம் நாள் சொல்லிடலாம்னு நெனச்சேன். நாப்பதாம் நாள் சொல்லிடலாம்னு நெனச்சேன். அப்புறம் நீ ஊரவுட்டே பூட்டே."

"பெருநாளுக்குப் பெருநாள் வந்து அந்த ஊட்ல நின்னேனே மச்சான். எட்டு வருஷம் உம்மா என் மொகத்த பாத்து ஒரு வார்த்த பேசல. நீங்க பாத்துக்கினு தான இருந்தீங்க?"

"பாத்துக்கினு தான் இருந்தேன்."

கிஃபாயத்துல்லாவுக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. நரைத்த தாடியைப் பிடித்து அந்தக் கல்லில் மோத வேண்டும் என்று நிஜமாகவே கை எழுந்தது. ஹனீப் விலகவில்லை, அதற்காகவே இத்தனை வருஷம் காத்திருந்தவர் போல் நின்றார். ஆனால் மனசுக்குள் கணக்கு நிற்காமல் மேலே ஓடிக்கொண்டிருந்தது. எண்பத்திரண்டில் பத்து போனால் எழுபத்திரண்டு. பன்னிரண்டு ஐம்பத்துமூன்றோடு எழுபத்திரண்டைக் கூட்டினால் இரண்டு மணி ஐந்து நிமிஷம். வண்டிக்கு ஐந்து நிமிஷம் முந்தி. உதடு அசைவதை ஹனீப் பார்த்துவிட்டார். அவரும் இதே கணக்கை எத்தனை முறை போட்டிருப்பாரோ.

"நேரம் கீதுன்னு நான் சொன்னத நம்பித்தான் நீ உக்காந்தே. அந்தப் பத்து நிமிஷமும் என்னுது தான், தம்பி. உன் தலையில ஏத்திக்காத," என்றார்.

கிஃபாயத்துல்லாவின் கை தானாக இறங்கியது. கைலியை எடுத்து டிராயருக்கு மேல் கட்டிக்கொண்டார். "இரு, வந்துடறேன்" என்று யேசுதாஸிடம் சொல்லிவிட்டு, உம்மாவும் அக்காவும் அடக்கமான தெருக்கோடிக் கபர்ஸ்தானை நோக்கி நடந்தார். பாதி வழியில் பின்னால் ஹனீபின் பாங்கு கேட்டது. முதல் வரியில் குரல் உடைந்து, பிறகு சரியாயிற்று.

உம்மாவின் கபுருக்கு மேல் புல் மண்டியிருந்தது. அவர் காலணியைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் நுழைந்து பேசுகிறவர் மாதிரி சாதாரணக் குரலில், "உம்மா, நான் தூங்கல. பத்து நிமிஷந்தான் உக்காந்தேன்" என்றார். உட்கார்ந்து புல்லைக் கொஞ்சம் பிடுங்கினார். மனசு லேசானது. எட்டு வருஷம் பேசாதவள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவர் நம்பினார்.

அடுத்த கபுர் அக்காவுடையது, குழந்தையும் அதிலேதான். அங்கே போய் நின்று அதே வார்த்தையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். வரவில்லை. வெயில் பிடரியில் சுட்டது. பள்ளிவாசலில் தொழுகை தொடங்கி, முடிந்து, ஆட்கள் கலைந்து போகிற சத்தமும் கேட்டு ஓய்ந்தது. அவர் மெல்ல மண்ணில் முழங்காலிட்டு இரண்டு கையையும் அந்த மேட்டின் மேல் வைத்தார்.

"பத்து நிமிஷம் உக்காந்துட்டேன்க்கா," என்றார்.